தலைகீழாக ஓடும் வண்டி: ஊர் ஊராகப் பெயர்த்துச் செல்லும் ரோலர் கோஸ்ரரின் விஞ்ஞானம்

விசை, வேலை, சக்தி, உராய்வு, அமுக்கம் ஆகியவற்றை நாம் பாடப்புத்தகத்தில் வெவ்வேறு அலகுகளாகப் படிக்கிறோம். வினாத்தாளில் அவை அப்படிப் பிரிந்து வருவதில்லை. ஒரு படத்தைத் தந்து அதன் கீழே நாலைந்து சிறு வினாக்களைக் கேட்கும்போது எல்லாம் கலந்து வந்துவிடும். ஆகவே இவை அனைத்தும் ஒரே இடத்தில் தொழிற்படும் ஒரு பொறியை எடுத்து முழுமையாகப் பார்ப்பது நல்லது. இங்கு எடுத்துக்கொண்ட பொறி, களியாட்ட விழாக்களுக்காகக் கழற்றிப் பூட்டி ஊர் ஊராகக் கொண்டு செல்லப்படும் உருக்கு ரோலர் கோஸ்ரர் ஆகும்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் ரோலர் கோஸ்ரரில் ஏறியவர்கள் மிகக் குறைவு. நமது கோயில் திருவிழாக்களையும் களியாட்ட விழாக்களையும் ஒட்டி வருபவை இராட்டினமும் மரணக் கிணறும்தான். ஆனால் ரோலர் கோஸ்ரரைப் பார்க்காதவர்கள் இல்லை. ஜேர்மனியிலோ லண்டனிலோ இருக்கும் மாமாவோ சித்தியோ கைத்தொலைபேசியில் அனுப்பிய படத்தில் அது ஓடியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வகுப்பில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "சேர், தலைகீழாப் போகேக்கை ஏன் விழுகினமில்லை?" இந்தக் கேள்விக்குச் சரியான விடை எழுதத் தெரிந்த மாணவருக்கு மேற்சொன்ன அலகுகளில் பாதி விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

(இதை எழுதுபவர் கலைப் பட்டதாரி. பௌதிகவியலை வாசித்தே அறிந்தவர். சமன்பாட்டை எழுதுமுன் விடயத்தைச் சொல்லில் எழுதிப் பார்க்கும் பழக்கம் அதனால் வந்தது. மாணவர்களும் அவ்வாறு செய்து பார்க்கலாம்.)

ஐந்து வளையங்கள்

பெயர்த்துச் செல்லக்கூடிய ரோலர் கோஸ்ரர்களுள் மிகப் பெரியது எனப் புகழ்பெற்றது ஜேர்மனியின் 'ஒலிம்பியா லூப்பிங்' ஆகும். 1989 ஆம் ஆண்டு மியூனிக் நகரின் ஒக்ரோபர் விழாவில் இது முதன்முதல் ஓடியது. அன்ரன் சுவார்ஸ்கொப் என்பவர் இதனை வடிவமைத்தார். கணிப்பு வேலைகளைச் செய்தவர் பொறியியலாளர் வேர்னர் ஸ்ரெங்கல். உரிமையாளர்கள் பார்த் என்னும் விழாத் தொழிற் குடும்பத்தினர். தண்டவாளத்தின் நீளம் 1250 மீற்றர். உச்ச உயரம் 32.5 மீற்றர்; கதி மணிக்குச் சுமார் 80 கிலோமீற்றர். ஒலிம்பிக் கொடியில் உள்ள ஐந்து வளையங்களைப் போல இதிலும் ஐந்து நிலைக்குத்து வளையங்கள் உண்டு. அதாவது ஒரு தடவை ஏறியவர் ஐந்து முறை தலைகீழாகப் போய் வருவார். லண்டன் ஹைட் பார்க்கில் நடைபெறும் குளிர்கால விழாவிலும் 'மியூனிக் லூப்பிங்' என்ற பெயரில் இது பூட்டப்பட்டுள்ளது. உங்கள் உறவினர் அனுப்பிய படம் இதனுடையதாகவே இருக்கக்கூடும்.

இதன் மொத்தத் திணிவு சுமார் 900 தொன். அவ்வளவையும் துண்டு துண்டாகக் கழற்றி, பார ஊர்திகளில் ஏற்றி, இன்னொரு நகரத்து வெளியிலே மறுபடி பூட்டுகிறார்கள். ஒரே இடத்தில் கொங்கிறீற்று அத்திவாரம் இட்டுக் கட்டிய கோஸ்ரரை விட இது எவ்வளவு கடினமான வேலை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

மேலே ஏற்றுவது மட்டுமே மோட்டர்

பலர் நினைப்பது போல, வண்டித்தொடரில் இயந்திரம் இல்லை. மோட்டரின் வலுவால் தொடர் உச்சிக்கு ஏற்றப்படுகிறது. அங்கே அது விடப்பட்டதும் மீதிப் பயணம் முழுவதையும் ஈர்ப்பே பார்த்துக்கொள்கிறது. உச்சியில் தொடரிடம் இருப்பது ஈர்ப்பு அழுத்தசக்தி. இறங்க இறங்க அது இயக்கசக்தியாக மாறுகிறது. மறுபடி ஏறும்போது இயக்கசக்தி அழுத்தசக்தியாகிறது. சித்திரை வருடப்பிறப்புக்குப் புளியமரத்தில் கட்டும் ஊஞ்சலில் நடப்பதும் இதுதான். ஊஞ்சலை ஒருவர் இழுத்து உயர்த்தி விடுகிறார். அதன் பின் யாரும் தொடாமலே அது போய் வருகிறது. ஒவ்வொரு முறையும் உயரம் கொஞ்சம் குறைவதற்குக் காரணம், கயிறு மரக்கொம்பில் தேய்வதாலும் வளியின் தடையாலும் சக்தியின் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுவதே.

இதனால் ஒரு முடிவு கிடைக்கிறது. வெளியிலிருந்து சக்தி கொடுக்கப்படாத வண்டி, தான் புறப்பட்ட உயரத்தை மீண்டும் எட்டவே முடியாது. பெரும்பாலான ரோலர் கோஸ்ரர்களைப் பாருங்கள். மோட்டர் ஏற்றிவிடும் முதல் மேடுதான் மிக உயர்ந்தது. "ஏன்?" என்று கேட்டால் "பார்ப்பதற்கு அழகாக இருக்கும்" என்று எழுதிய விடையையும் நான் திருத்தியிருக்கிறேன்.

ஒரு சிறு கணிப்பைச் செய்வோம். ஒலிம்பியா லூப்பிங்கின் 32.5 மீற்றர் உயரத்திலிருந்து ஓய்வில் புறப்படும் வண்டி நிலமட்டம் வரை இறங்குவதாகவும் உராய்வு இல்லை எனவும் கொள்க. இழந்த அழுத்தசக்தி = பெற்ற இயக்கசக்தி. திணிவு இரண்டு பக்கமும் இருப்பதால் நீங்கிவிடும். எனவே வேகத்தின் வர்க்கம் = 2 × 10 × 32.5 = 650. வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 25.5 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 92 கிலோமீற்றர். ஆனால் உண்மையில் அதன் கதி 80 என்று மேலே சொன்னோம். கணிப்புப் பிழையா? இல்லை. தண்டவாளத்தின் தாழ்ந்த இடமும் நிலத்துக்குச் சற்று மேலேயே இருக்கிறது. அத்துடன் சில்லுகளின் உராய்வும் வளித்தடையும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. "கணித்த பெறுமானத்துக்கும் உண்மைப் பெறுமானத்துக்கும் வேறுபாடு ஏன்?" என்று கேட்கும் வினாக்களுக்கு இந்த இரண்டாவது காரணத்தை மறவாமல் எழுத வேண்டும்.

வாளித் தண்ணீர்

இப்போது தலைகீழ்க் கேள்விக்கு வருவோம். கிணற்றடியில் வாளியில் கால்வாசி தண்ணீர் எடுத்துக் கையை நீட்டி நிலைக்குத்தாகச் சுழற்றிப் பாருங்கள் (தம்பி தங்கை பக்கத்தில் நிற்காத நேரம் பார்த்து). விரைவாகச் சுழற்றினால் ஒரு துளியும் சிந்தாது. மெதுவாகச் சுழற்றினால் தலையில் குளிக்க வேண்டிவரும். ஆகவே விடை கதியில் இருக்கிறது.

பெரும்பாலான மாணவர்கள் எழுதும் விடை: "மையநீக்க விசை தண்ணீரை மேலே தள்ளுகிறது, அதனால் விழவில்லை." இந்த விடையை விட்டுவிடுங்கள். வளையத்தின் உச்சியில் தண்ணீரை மேல்நோக்கித் தள்ளும் பொருள் எதுவும் அங்கில்லை. வாளியின் அடி தண்ணீருக்கு மேலே இருக்கிறது. அது தள்ளினால் கீழ்நோக்கியே தள்ளும். ஈர்ப்பும் கீழ்நோக்கியே இழுக்கிறது. இரண்டு விசைகளும் கீழ்நோக்கி இருக்க, தண்ணீர் விழாமல் இருப்பது எப்படி?

நியூற்றனின் முதலாம் விதியை நினைவுகூருங்கள். தாக்கும் விசை இல்லாவிட்டால் இயங்கும் பொருள் நேர்கோட்டில் சீரான வேகத்துடன் போய்க்கொண்டே இருக்கும். உச்சியில் உள்ள தண்ணீரும் கிடையாக நேரே போகவே முனைகிறது. ஈர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. ஆகவே அதன் பாதை கீழ்நோக்கி வளைகிறது. அதே நேரத்தில் வாளியும் வட்டத்தில் கீழ்நோக்கி வளைகிறது. உண்மையில் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் வளைவதை விட வாளி இன்னும் கூடுதலாக வளைந்து விழுவதால் வாளியின் அடி தண்ணீரை விட்டு விலகுவதில்லை. அதை அழுத்திக்கொண்டே வருகிறது. மெதுவாகச் சுழற்றினால் வாளி வளையும் வட்டத்தை விடத் தண்ணீரின் சொந்தப் பாதை அதிகமாக வளைந்துவிடும். அப்போது அது வாளியை விட்டுப் பிரியும்.

வட்டத்தில் ஒரு பொருளைத் திருப்பி வைத்திருக்க மையத்தை நோக்கி ஒரு விசை வேண்டும். இதனை மையநாட்ட விசை என்பர். அதன் பருமன் = திணிவு × வேகத்தின் வர்க்கம் ÷ ஆரை. இச்சமன்பாடு உயர்தரப் பௌதிகவியலில் விரிவாக வரும். இங்கே விளங்கிக்கொள்வதற்காக மட்டும் பயன்படுத்துவோம். மையநாட்ட விசை என்பது புதிதாக எங்கிருந்தோ வரும் விசை அல்ல. அங்கே ஏற்கெனவே உள்ள விசைகள், அதாவது நிறையும் தண்டவாளத்தின் தள்ளலும் சேர்ந்து ஆற்றும் வேலைக்கு வைத்த பெயர் அது. வீட்டில் ஒருவரை "சமையல்காரர்" என்று சொன்னால் அவர் புது ஆள் அல்ல, அம்மாவோ அப்பாவோதான் என்பது போல.

உச்சியில் நிறை மட்டுமே போதுமானதாக இருக்கும் ஆகக் குறைந்த வேகத்தைக் காண்போம். அப்போது வேகத்தின் வர்க்கம் = 10 × ஆரை. கையும் வாளியும் சேர்ந்து ஆரை 1 மீற்றர் எனில், வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3.2 மீற்றர். அந்தக் கதியில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 2 செக்கன் எடுக்கும். அதிலும் விரைவாகச் சுழற்றினால் சிந்தாது. கடிகாரத்தை வைத்துப் பரிசோதித்துப் பார்க்கலாம்.

மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் சுவரில் ஓடுவதையும் இதனுடன் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அங்கே வட்டம் கிடையானது. மையத்தை நோக்கித் தள்ளுவது சுவர். ஓட்டுநரைக் கீழே விழாமல் தாங்குவது ரயருக்கும் பலகைச் சுவருக்கும் இடையிலான உராய்வு. வேகம் கூடக் கூடச் சுவரின் தள்ளல் கூடும். தள்ளல் கூடினால் பெறக்கூடிய உராய்வு கூடும். எனவே அங்கே உயிரைக் காப்பது உராய்வு. ரோலர் கோஸ்ரர் வளையத்திலோ உராய்வு எதிரி. அது வேகத்தைத் தின்றுவிடும்.

வட்டம் ஏன் கழுத்தை முறித்தது?

வளையம் என்றால் வட்டம்தானே என்று நினைப்பது இயல்பு. முன்னோரும் அப்படித்தான் நினைத்தனர். 1840களிலேயே பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஒரு வளையத்தைச் சுற்றி ஓடும் வண்டிகளைக் காட்சிக்கு வைத்தனர். 1895 இல் அமெரிக்காவில் நியூயோர்க்கின் கோணி ஐலண்டில் 'பிளிப் பிளாப்' என்னும் கோஸ்ரர் வந்தது. அதன் வளையம் ஏறத்தாழ 7.5 மீற்றர் விட்டமுள்ள சரியான வட்டம். ஏறியவர்கள் கழுத்து நோவுடன் இறங்கினர். சிலருக்கு அதைவிட மோசமாயிற்று. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது.

காரணத்தை எண்களால் பார்ப்போம். 500 கிலோகிராம் திணிவுள்ள வண்டி, 8 மீற்றர் ஆரையுள்ள வட்ட வளையம், உராய்வு இல்லை. உச்சியில் ஆகக் குறைந்த வேகத்தின் வர்க்கம் 10 × 8 = 80. எனவே உச்சியில் இயக்கசக்தி = ½ × 500 × 80 = 20,000 யூல். உச்சியின் உயரம் 16 மீற்றர்; அங்கே அழுத்தசக்தி = 500 × 10 × 16 = 80,000 யூல். மொத்தம் 100,000 யூல். இவ்வளவு சக்தியைப் பெற வண்டி எந்த உயரத்திலிருந்து புறப்பட வேண்டும்? 100,000 ÷ 5000 = 20 மீற்றர். வளையத்தின் உயரம் 16 மீற்றர்தான். ஆனால் 16 மீற்றரிலிருந்து விட்டால் வண்டி சுற்றி வராது. இது மாணவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம். உச்சியை அடைந்தால் போதாது. அடையும்போது வேகமும் கையில் இருக்க வேண்டும்.

அதே வண்டி வளையத்தின் அடியில் நுழையும்போது 100,000 யூலும் இயக்கசக்தி. வேகத்தின் வர்க்கம் 400. வேகம் செக்கனுக்கு 20 மீற்றர். அடியில் வேண்டிய மையநாட்ட விசை = 500 × 400 ÷ 8 = 25,000 நியூற்றன். இதைவிட வண்டியின் நிறையான 5000 நியூற்றனையும் தண்டவாளமே தாங்க வேண்டும். ஆகத் தண்டவாளத்தின் தள்ளல் 30,000 நியூற்றன். நிறையின் 6 மடங்கு. 50 கிலோகிராம் திணிவுள்ள ஒரு மாணவரை ஆசனம் 3000 நியூற்றன் விசையுடன் தள்ளும். வேறோர் ஆரையை இட்டுச் செய்து பாருங்கள். அதே 6 தான் வரும். வட்டத்தைப் பெரிதாக்கித் தப்ப முடியாது.

இந்த 6 கூட உச்சியில் மயிரிழையில் தப்பும் கணக்கு. நடுவில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் வண்டியை இன்னும் வேகமாக விட்டால் அடியில் விசை மேலும் ஏறும். 'பிளிப் பிளாப்'பில் அது நிறையின் 12 மடங்கு வரை போனதாகச் சொல்லப்படுகிறது. மனிதத் தலையின் திணிவு ஏறத்தாழ 5 கிலோகிராம். 12 மடங்கு என்றால் கழுத்துக்கு 60 கிலோகிராம் தாங்குவது போல இருக்கும். ஒரு மூடை சீமெந்து 50 கிலோகிராம். அதைவிடக் கொடியது, இவ்விசை படிப்படியாக வராமல் நேர்த் தண்டவாளம் வட்டமாக மாறும் இடத்தில் திடீரென வந்தது.

1901 இல் அதே கோணி ஐலண்டில் எட்வின் பிரெஸ்கொற் என்பவர் நீள்வட்டம் போன்ற வளையம் அமைத்தார். உடலுக்கு அது பரவாயில்லை. ஆனால் ஒரு வண்டியில் நால்வரே ஏறலாம் என்பதால் வருமானம் போதவில்லை. ஏறுபவர்களை விட வேடிக்கை பார்க்க வந்தவர்களே அதிகமாம். அதன் பின் நெடுங்காலம் வளையம் பக்கம் பொறியியலாளர்கள் போகவில்லை.

கண்ணீர்த்துளி வடிவம்

இடையில் ஒரு மாற்றம் நடந்தது. 1959 இல் கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் மரத்துக்குப் பதிலாக உருக்குக் குழாய்த் தண்டவாளம் பயன்படுத்தப்பட்டது. குழாயை வேண்டியபடி வளைக்கலாம். பலகையை அப்படி வளைக்க முடியாது. 1976 இல் அதே கலிபோர்னியாவின் மஜிக் மவுண்டன் பூங்காவில் சுவார்ஸ்கொப்பும் ஸ்ரெங்கலும் 'ரெவலூஷன்' என்னும் கோஸ்ரரை அமைத்தனர். தற்கால நிலைக்குத்து வளையத்துடன் வந்த முதல் கோஸ்ரர் அதுவே.

அதன் வளையம் வட்டம் அல்ல. தலைகீழாகப் பிடித்த கண்ணீர்த்துளி போன்றது. அடியில் ஆரை பெரிது. மேலே போகப் போகச் சிறிதாகிறது. குளோதொயிட் எனப்படும் இவ்வளையியைப் புகையிரதப் பாதை அமைப்பவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குப் புகையிரதம் திடீரெனத் திரும்பினால் பயணிகள் பக்கவாட்டில் தூக்கி எறியப்படுவர். ஆகவே வளைவை மெல்ல மெல்ல இறுக்குவார்கள். 2014 இல் மீண்டும் யாழ்ப்பாணம் வரை வந்த யாழ்தேவியில் பயணம் செய்தவர்கள், வளைவுகளில் தேநீர்க் கோப்பை திடுமெனச் சரியாததை அவதானித்திருக்கலாம்.

மேலே செய்த கணக்கையே கண்ணீர்த்துளி வளையத்துக்குச் செய்வோம். உயரம் அதே 16 மீற்றர். வண்டி புறப்படுவது அதே 20 மீற்றரிலிருந்து. ஆகவே வேகங்கள் மாறா. அடியில் ஆரை 16 மீற்றர், உச்சியில் 5 மீற்றர் எனக் கொள்க. அடியில் 400 ÷ 16 = 25; இது ஈர்ப்பு ஆர்முடுகலின் 2.5 மடங்கு. நிறையைத் தாங்க இன்னொரு மடங்கு. மொத்தம் 3.5 மடங்கு, முன்பு 6. உச்சியில் 80 ÷ 5 = 16. ஈர்ப்பு கொடுப்பது 10. மீதி 6 ஐ ஆசனம் கொடுக்கிறது. எனவே தலைகீழாக இருக்கும் மாணவர் ஆசனத்தில் இலேசாக அழுத்தப்பட்டே இருப்பார். வட்ட வளையத்தில் உச்சியில் அவ்வழுத்தம் பூச்சியமாக இருந்தது. அடியில் வலி குறைந்தது, உச்சியில் பாதுகாப்புக் கூடியது. இரண்டும் வடிவத்தை மட்டும் மாற்றியதால்.

இது நன்றாக வேலை செய்வதால்தான் சுவார்ஸ்கொப்பின் கோஸ்ரர்களில் தோளை இறுக்கும் சட்டம் இல்லாமல் மடிமேல் விழும் தடி மட்டும் இருந்தது. ஒலிம்பியா லூப்பிங்கும் அப்படியே. ஆயினும் அது மென்மையானது என்று நினைக்க வேண்டாம். அதில் உணரப்படும் ஆகக் கூடிய விசை நிறையின் 5.2 மடங்கு எனக் குறிப்பிடப்படுகிறது. 50 கிலோகிராம் மாணவருக்கு 2600 நியூற்றன். கணப்பொழுதே நீடிப்பதால் உடல் தாங்குகிறது.

வேகம் குறைந்து வளையத்தின் உச்சியில் தொடர் நின்றுவிட்டால்? அதற்குத்தான் சில்லுகள். ஒவ்வொரு சில்லுத் தொகுதியிலும் தண்டவாளத்தின் மேல் ஓடும் சில்லு, பக்கத்தைப் பிடிக்கும் சில்லு, அடியிலிருந்து கௌவும் சில்லு என மூன்று வகை உண்டு. குழாயை மூன்று பக்கமும் கையால் பிடித்தது போல. ஆகவே வண்டி கழன்று விழாது. ஆளைத் தாங்குவது தடி.

900 தொன் பாரம் எங்கே நிற்கிறது?

பெயர்த்துச் செல்லும் கோஸ்ரருக்கு அத்திவாரம் இல்லை. திருவிழா முடிந்ததும் அந்த வெளியைப் பழையபடி விட்டுச் செல்ல வேண்டும். 900 தொன் என்றால் 900,000 கிலோகிராம். நிறை 9,000,000 நியூற்றன். இதை ஒல்லியான தூண்களின் நுனியில் நிறுத்தினால் தூண்கள் நிலத்தில் புதைந்துவிடும். ஆகவே அடியில் அகன்ற உருக்குச் சட்டங்களைப் பரப்பி, அவற்றின் கீழே மரக்கட்டைகளை வைத்து மட்டம் பார்க்கிறார்கள். அமுக்கம் = விசை ÷ பரப்பளவு. பரப்பளவு 200 சதுர மீற்றர் என வைத்துக்கொண்டால் அமுக்கம் 45,000 பஸ்கால். 50 கிலோகிராம் திணிவுள்ள ஒருவர் 0.03 சதுர மீற்றர் பரப்புள்ள இரு பாதங்களால் நிற்கும்போது கொடுப்பது ஏறத்தாழ 16,700 பஸ்கால். அவ்வளவு பெரிய பொறி, மனிதக் காலின் மூன்று மடங்கு அமுக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. வல்லிபுரம் போன்ற மணற்பாங்கான இடத்தில் புதைந்த உழவு இயந்திரத்தின் சில்லுக்கடியில் பலகை வைப்பதும் இதற்காகவே.

இன்னொரு பிரச்சினை பூட்டுகள். நிலையான கோஸ்ரரில் ஒரு தடவை முறுக்கிய போல்ற் பல காலம் அப்படியே இருக்கும். பெயர்ப்பு கோஸ்ரரிலோ ஒவ்வோர் ஊரிலும் அவை கழன்று மறுபடி பூட்டப்படுகின்றன. ஆகவே ஜேர்மனியில் இத்தகைய ஒவ்வொரு பொறிக்கும் ஒரு பதிவேடு வைத்திருப்பது கட்டாயம்; புதிய இடத்தில் பூட்டியதும் பரிசோதித்த பின்னரே ஆட்களை ஏற்றலாம்.

உலோகத்துக்கும் களைப்பு உண்டு. ஒரு கம்பியை ஒரு தடவை வளைத்தால் முறியாது. அதே இடத்தில் இப்படியும் அப்படியுமாகப் பல தடவை வளைத்தால் முறிந்துவிடும். முறிவதற்கு முன் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே வளர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கழியொலி அலைகளைச் செலுத்திப் பார்ப்பார்கள். ஒலி அலகில் நீங்கள் படித்த பயன்பாடுகளுள் இதுவும் ஒன்று.

இந்தப் பரிசோதனை வெறும் சடங்கல்ல. சுவார்ஸ்கொப் 1984 இல் மூன்று வளையங்களுடன் 'ட்ரையர் லூப்பிங்' என்ற பெயர்ப்பு கோஸ்ரரை வடிவமைத்தார். அது ஜேர்மன் விழாக்களில் ஓடி, மலேசியாவின் சன்வே லகூன் பூங்காவுக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்து சென்று, 2007 இல் மெக்சிக்கோ நகரின் சபுல்தெபெக் களியாட்டப் பூங்காவை அடைந்து 'கிமேரா' எனப் பெயர் மாறியது. 2019 செப்ரெம்பர் 28 அன்று அதன் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு விலகியது. இருவர் உயிரிழந்தனர். பராமரிப்புக் குறைபாட்டை அதிகாரிகள் சுட்டிக்காட்டினர், பூங்கா மூடப்பட்டது. வளையத்தின் கணக்கு 1984 இலும் 2019 இலும் ஒன்றே. உலோகம் ஒன்றாக இருக்கவில்லை.

பயிற்சி வினா

வண்டியொன்று 18 மீற்றர் உயரத்தில் ஓய்விலிருந்து விடப்பட்டு, 8 மீற்றர் ஆரையுள்ள நிலைக்குத்தான வட்ட வளையத்தினுள் நுழைகின்றது. வண்டி தண்டவாளத்தின் உட்புறத்தில் ஓடுகிறது. அடியிலிருந்து கௌவும் சில்லு இல்லை. உராய்வைப் புறக்கணிக்க. (அ) வளையத்தின் உச்சியை அது பாதுகாப்பாகக் கடக்குமா? (ஆ) "மையநீக்க விசை போதாததால் விழுந்தது" என ஒரு மாணவர் எழுதினார். இவ்விடையைத் திருத்தி எழுதுக.

விடைக்கான குறிப்பு: (அ) உச்சி 16 மீற்றரில் உள்ளது, இறங்கிய நிகர உயரம் 2 மீற்றர். வேகத்தின் வர்க்கம் 2 × 10 × 2 = 40 ஐ விடக் கூட முடியாது. வேண்டியது 80. ஆகவே கடக்காது, உச்சிக்கு வருமுன்னரே தண்டவாளத்தை விட்டு விலகும். (ஆ) உச்சியை அண்மிக்கும்போது வண்டியின் வேகம் குறைவு. ஆகவே ஈர்ப்பினால் வண்டியின் பாதை, தண்டவாளத்தின் வட்டத்தை விடக் கூடுதலாக வளைகின்றது. தண்டவாளத்தின் தள்ளல் பூச்சியமாகி, வண்டி அதிலிருந்து பிரிந்து ஈர்ப்பின் கீழ் விழுகின்றது.